வேட்டுக்காரன் கப்பலேறிய வாரம்

கள்ளக்குறிச்சி கருணாபுரத்துச் சின்னதுரைக்குக் கடற்படைக் கப்பலில் வேலை கிடைத்த செய்தியை முதல் இரண்டு நாள் அந்தத் தெருவில் யாரும் நம்பவில்லை. மூன்றாம் நாள் நம்பினார்கள். நம்பிய பிறகு அவனை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். கோமுகி அணை நிரம்பினால் அதைப் பார்க்கவே சோறு கட்டிக்கொண்டு கிளம்புகிற ஜனம் அது. அந்த ஜனத்திலிருந்து ஒருத்தன் கப்பலுக்குப் போகிறான் என்றால் சும்மா விடுவார்களா? பல் தேய்க்க வாசலுக்கு வந்தால் பத்துப் பேர் நின்று பார்த்தார்கள்.

அது 1987, ஆகஸ்ட் கடைசி. சின்னதுரைக்கு இருபத்தாறு வயது. அவன் தொழில் கிணற்றுக்கு வேட்டு வைப்பது. கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கே தோண்டினாலும் முப்பதடியில் பாறை வந்து குறுக்கே படுத்துக்கொள்ளும். அந்தப் பாறையைத் துளை போட்டு, துளைக்குள் வெடிமருந்துத் தோட்டாவைச் செருகி, திரியைக் கொளுத்திவிட்டு உயிரோடு மேலே ஏறி வரவேண்டும். இவன் எட்டு வருஷமாக அப்படி ஏறி வந்துகொண்டிருந்தான். நடுவில் ஒரு கல்குவாரிக் குத்தகைக்காரர், தன் பேரில் லைசென்ஸ் இருந்தால் வம்பு என்று, பத்தாவது படித்திருந்த இவன் பேரில் வெடி கையாளும் சான்றிதழ் வாங்கி வைத்தார். அவர் வாங்கியது அவர் சௌகரியத்துக்கு. இவன் அதை எடுத்துக்கொண்டு போய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வந்தான். பதிந்ததையே மறந்தும் போனான். மூன்று வருஷம் கழித்து, கொச்சிக்கு நேர்முகத்துக்கு வா என்று அட்டை வந்தது.

போனான், பார்த்தான், திரும்பி வந்து கால் தரையில் பாவாமல் திரிந்தான். அந்தக் கப்பலில் பீரங்கி கிடையாதாம். மீன் பிடிக்கவும் போகாதாம். நடுக்கடலில் இன்ஜினை நிறுத்திவிட்டு, சின்னச் சின்ன வெடிகளை ஆழத்தில் இறக்கி வெடிப்பார்கள். தண்ணீருக்குள் தொங்கும் மைக்குகள் அந்தச் சத்தத்தைப் பிடிக்கும். சத்தம் கடலுக்குள் எவ்வளவு தூரம் போகிறது, எங்கே வளைகிறது, எங்கே மங்குகிறது என்று விஞ்ஞானிகள் படித்துக்கொண்டே இருப்பார்கள். நீர்மூழ்கிகளைக் காதால் கண்டுபிடிக்க அந்தப் படிப்பு வேண்டும். அந்த வெடிகளைப் பதமாகக் கட்டி இறக்கத்தான் ஓர் ஆள் தேவைப்பட்டது.

அவன் மனைவி மணிமொழி இதைத் தெருக் குழாயடியில் விளக்கிய விதமே வேறு. மொத்தக் கப்பலும் ஒரு காது என்றாள். இங்கே குடம் உருட்டினால் அங்கே கேட்கும், ஆகையால் இனிமேல் குழாயடியில் வாயை அளந்து பேசுங்கள் என்றாள். இரண்டு நாள் உண்மையிலேயே சண்டை குறைந்தது.

வேலை நியமன உத்தரவில் ஒரே ஒரு முள் இருந்தது. செப்டம்பர் இருபத்தொன்று, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குள் கொச்சியில் சேரவேண்டும். தவறினால் உத்தரவு செல்லாது. கப்பல் மறுநாளே புறப்படுகிறது, அடுத்த ஆள் வரிசையில் நிற்கிறான். அதற்கென்ன, சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கொச்சி என்று சின்னதுரை கைவிரலை மடக்கிக்கொண்டிருந்தான்.

பதினேழாம் தேதி மறியல் ஆரம்பித்தது. படிப்பிலும் அரசாங்க வேலையிலும் தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலையை மறிப்பது என்று முடிவு. பஸ் நின்றது, லாரி நின்றது. சாலையோரப் புளியமரங்கள் சாலைக்கு நடுவே படுத்துவிட்டன. எல்லா ஊரிலும் அந்த வாரம் சிரிப்பாக முடியவில்லை. குடிசை எரிந்த இடமும் உண்டு, உயிர் போன இடமும் உண்டு. சின்னதுரை மறியல்காரர்களின் சாதி இல்லை. ஆகவே அவன் கிளம்புகிறேன் என்றபோது மணிமொழி முதலில் வேண்டாம் என்றாள். ஆனாலும் கப்பலை விட அவளுக்கும் மனசில்லை. சனிக்கிழமை விடிந்ததும் இருவரும் கச்சிராயபாளையம் பக்கம் நடந்தார்கள். அங்கிருந்து அவன் மட்டும் மலையேறி, வெள்ளிமலை வழியாகக் கருமந்துறையில் இறங்கி, எதையாவது பிடித்துச் சேலம் போய் ரயிலேறுவது என்று திட்டம்.

மலையடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய புளியமரம் படுத்திருந்தது. அதன்மேல் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் பிச்சைமுத்து. நாலு ஏக்கர் வைத்திருக்கிற விவசாயி. மூன்று மாதமாக, சாலையை ஒட்டியிருந்த அவர் கிணற்றில்தான் சின்னதுரை வேலை செய்துகொண்டிருந்தான். நாற்பத்தெட்டு அடி போயும் பாறையைத் தவிர எதுவும் வரவில்லை.

சின்னதுரை பணிவாக உத்தரவை எடுத்து நீட்டினான். அது கை மாறிக் கை மாறி மரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனது. படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள். தெரியாதவர்கள் முத்திரையைத் தடவிப் பார்த்தார்கள்.

"நாங்க வேல குடுன்னு ரோட்டுல குந்திக்கினு கெடக்கறோம். நீ அதே வேலைய ஜோபியில வெச்சிக்கினு எங்களையே தாண்டிப் போறியா?" என்றார் பிச்சைமுத்து.

நாற்பது பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் மணிமொழிக்கு மூச்சு வந்தது. கப்பலில் சோறு உண்டா, அரிசிச் சோறா, கடலில் வயிறு கலங்கினால் எங்கே போவது என்று விசாரணை அரைமணி நேரம் நடந்தது. போகட்டும் என்று தீர்ப்பும் வந்தது. அப்புறம் பிச்சைமுத்து அவனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். போன வாரம் அவன் போட்டுவைத்த ஒன்பது துளை அப்படியே கிடக்கிறது. மலையில் மேகம் கட்டுகிறது. மழை பெய்து சேறு இறங்கினால் மூன்று நாள் வேலை பாழ். சான்றிதழ் உள்ளவன் இவன் ஒருத்தன், தோட்டாப் பெட்டியின் சாவியும் இவன் இடுப்பில்தான் இருக்கிறது. அதை மட்டும் வெடித்துவிட்டுப் போ என்று கெஞ்சினார். எப்போதும் மற்றவர்களை அதட்டியே பழகிய மனுஷர் கெஞ்சியதைப் பார்த்துச் சின்னதுரைக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு மணி நேர வேலைதானே.

இறங்கினான். ஒன்பது துளையிலும் தோட்டாவைச் செருகி, ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும்படி திரியை ஒவ்வொரு விரற்கடை கூட்டி வெட்டி, கொளுத்திவிட்டு மேலே வந்தான். "வேட்டு! வேட்டு! வேட்டு!" என்று நாலு திசைக்கும் கத்தினான். இந்தப் பக்கத்தில் அந்தக் குரலுக்கு எதிர்க்குரல் கிடையாது. மறியல்காரர்கள் அத்தனை பேரும் தாங்கள் வெட்டிப் போட்ட மரத்துக்குப் பின்னாலேயே குனிந்துகொண்டார்கள்.

வெடிக்க ஆரம்பித்தது. கடைசி வெடியின் புழுதி அடங்குமுன் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரிய அண்டாவில் கொதிக்கிற சத்தம். பிச்சைமுத்து முதலில் ஓடி எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாறை பிளந்து ஊற்று பீய்ச்சிக்கொண்டிருந்தது. நாற்பது பேருக்கும் தலைகால் புரியவில்லை. ஒருத்தன் சட்டையைக் கழற்றிச் சுற்றினான். பிச்சைமுத்து வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, முதல் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வது நான்தான் என்று ஏணியில் காலை வைத்தார்.

சின்னதுரை அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

"எறங்காதீங்கண்ணே. ஒம்போது வெச்சேன், எட்டுதான் கேட்டுச்சு."

வேட்டுக்காரர்களின் வழக்கம் இது. வைத்தது எத்தனையோ அத்தனையும் காதில் விழவேண்டும். ஒன்று குறைந்தாலும், மறுநாள் அதே நேரம்வரை கிணற்றுக்குள் மனுஷன் இறங்கக்கூடாது. வைத்தவன் கிணற்றடியிலேயே காவல் இருக்கவேண்டும், முதலில் இறங்குகிறவனும் அவனாகத்தான் இருக்கவேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத காரணத்தாலேயே யாரும் மீறியதில்லை.

ஒன்பதும் வெடித்தது என்றார்கள் பாதிப் பேர். பத்து என்றார்கள் சிலர். பதினொன்று என்று ஒருத்தர் அடித்துச் சொன்னார், அவருக்கு ஒரு காது மந்தம். சின்னதுரை மட்டும் எட்டு என்றான். மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்தது, அதில் ஒன்று வந்திருக்கவேண்டும் என்றான். சரி, நீ போ, நாங்கள் நாளைவரை இறங்காமல் இருக்கிறோம் என்றார் பிச்சைமுத்து. சொல்லும்போதே அவர் கண் கிணற்றுக்குள் இருந்தது. சின்னதுரை அந்த முகத்தைப் பார்த்தான். இவன் தலை மறைந்த மறு நிமிஷம் நாற்பது பேரும் உள்ளே குதிப்பார்கள் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அவன் பையைக் கீழே வைத்துவிட்டு ஏணியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டான்.

மணிமொழி பக்கத்தில் வந்து நின்றாள். "கப்பலு போயிடும்யா" என்றாள். தெரியும் என்றான். கண் முட்டிக்கொண்டு வந்தது. இன்று மலையேறாவிட்டால் திங்கட்கிழமை பத்து மணியை எட்டிப் பிடிக்க வழியே இல்லை. எட்டு வருஷத்தில் முதல்முறையாகத் தன் காதின்மேல் அவனுக்கு ஆத்திரம் வந்தது. ஒன்பது என்று கேட்டுத் தொலைத்திருந்தால் என்ன? மணிமொழி கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு வழிக்குக் கட்டி வந்த புளிச்சோற்றை அவிழ்த்து அவன் மடியில் வைத்துவிட்டு, தானும் ஏணியின் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு அவன் இறங்கினான். தண்ணீர் இடுப்புக்கு மேல் நின்றது. கால் கட்டைவிரலால் பாறையைத் தடவித் தடவி ஒவ்வொரு துளையாகத் தேடினான். எட்டு இடத்தில் பாறை நொறுங்கிக் கிடந்தது. ஒன்பதாவது முழுசாக இருந்தது. உள்ளே தோட்டாவும் அப்படியே இருந்தது. தண்ணீர் புகாதபடி மெழுகு பூசிய திரியோடு புதிதாக ஒரு தோட்டாவை அதன் அருகில் வைத்துக் கொளுத்திவிட்டு ஏறி வந்து, வேட்டு வேட்டு என்று கத்தினான்.

இந்த முறை சத்தம் காதுக்கு வரவில்லை. தரை வழியாக வந்து உள்ளங்காலில் ஏறியது. கிணற்றுத் தண்ணீர் ஒரு முதுகு போல எழும்பி, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு சரிந்தது. மரத்துக்குப் பின்னால் குனிந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்தார்கள். பிச்சைமுத்து முந்தின நாள் தான் காலை வைத்த ஏணிப்படியைப் பார்த்தார். அப்புறம் சின்னதுரையைப் பார்த்தார்.

"நாளிக்குப் பத்து மணிக்கு நீ அங்க இருக்கணும். மலைப் பாதயெல்லாம் வாணாம். ரோட்டு மேலயே போ. ரோடு நம்மளுதுதான" என்றார்.

அதன் பிறகு நடந்ததை இந்தப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, கார் இல்லை. சேலம்வரை தார்ச்சாலை காலியாகக் கிடக்கிறது, மரங்கள் மட்டும்தான் குறுக்கே. மணிமொழி பையைக் கொடுத்து வழியனுப்ப, பிச்சைமுத்து தன் சைக்கிள் கேரியரில் அவனை ஏற்றிக்கொண்டு மிதித்தார். மரம் வந்தால் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பது, ஆளைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பது, மறுபடி மிதிப்பது. அடுத்த ஊர் மறியலில் கதையைச் சொல்லி ஒப்படைத்தார். அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் சைக்கிளில் அவனை அடுத்த ஊர்வரை கொண்டுபோனார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் கதை கொஞ்சம் பருத்தது. கள்ளக்குறிச்சியில் அவன் நாற்பது பேர் உயிரைக் காப்பாற்றிய வேட்டுக்காரன். சின்னசேலத்தில் நானூறு பேர். தலைவாசலில் அவன் போகாவிட்டால் கப்பலே கிளம்பாது என்றார்கள். ஆத்தூரை நெருங்கும்போது அவன்தான் அந்தக் கப்பலின் கேப்டன், லுங்கி கட்டியிருப்பது மாறுவேஷம். அந்த இடத்தில் இரண்டு பேர் சல்யூட் அடித்தார்கள், இவனும் திருப்பி அடித்துவிட்டான். வேறு என்ன செய்வது? இவன் எண்ணியவரை நூற்றுப் பதினேழு மரம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாமல் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டார்கள். வண்டி புறப்பட ஐந்து நிமிஷம் இருந்தது.

திங்கட்கிழமை, பத்து மணிக்குப் பதினொரு நிமிஷம் இருக்கும்போது அவன் கொச்சியில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். கைவிரல் சேறு காகிதத்தில் ஒட்டியது. மறுநாள் கப்பல் புறப்பட்டது. முதல் இரண்டு நாள் குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தான். மூன்றாம் நாள் எழுந்து மேல்தளத்துக்கு வந்து சுற்றிலும் பார்த்தான். இத்தனை தண்ணீரையும் யாரும் வேட்டு வைத்துத் தோண்டவில்லையே என்று நினைத்தபோது அவனுக்குப் பைத்தியம் பிடித்தமாதிரி சந்தோஷமாக இருந்தது.

அன்றுதான் முதல் சோதனை. ஆறு மாதம் தகுதி பார்த்துத்தான் வேலையை உறுதி செய்வார்கள், ஆகாதவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். தலைமை விஞ்ஞானி நாகர்கோவில்காரர், பெயர் தாணுமாலயன். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அமைதி நேரம் என்று அவர் அறிவித்தால் இன்ஜின் நிற்கும், மின்விசிறி நிற்கும், சமையற்கட்டில் கரண்டி நிற்கும். யாரும் நடக்கக்கூடாது, இருமக்கூடாது. கப்பலின் சத்தம் அத்தனையும் அடங்கி, கடலின் சத்தம் மட்டும் ஒலிநாடாவில் ஏறவேண்டும். அப்படி அடங்குவதற்கே காலையிலிருந்து நாலு மணி நேரம் ஆயிற்று. அப்புறம் அவர் கையை உயர்த்தினார். சின்னதுரை வெடியைக் கயிற்றோடு பிடித்துக்கொண்டு கப்பல் விளிம்பில் நின்றான். கை இறங்கியது. இவன் விடவேண்டும்.

விரல் பிரியவில்லை. எட்டு வருஷமாக இந்தக் கையும் அந்த வாயும் சேர்ந்தே வேலை செய்தவை. வாய் திறக்காமல் கை திறக்கமாட்டேன் என்றது.

"வேட்டு! வேட்டு! வேட்டு!"

அரபிக்கடலில் அத்தனை பெரிய குரலை அந்தக் கப்பல் கேட்டதில்லை. சமையற்காரர் கையிலிருந்த தட்டுகளைக் கீழே போட்டார். ஒரு மாலுமி தரையில் குப்புறப் படுத்துவிட்டான். அதற்கப்புறம்தான் கை திறந்து வெடி இறங்கியது, ஆனால் நாலு மணி நேர அமைதி போன இடம் தெரியவில்லை. தாணுமாலயன் படியேறி மெதுவாக வந்தார். அந்த மெதுவான நடையைப் பார்த்ததும் சின்னதுரைக்குத் தெரிந்துவிட்டது, வேலை போயிற்று என்று. நூற்றுப் பதினேழு மரத்தையும் இனி தன்னந்தனியாகத் தாண்டி, மணிமொழியிடம் போய் என்ன சொல்வது?

எதற்காகக் கத்தினாய் என்று அவர் கேட்டார்.

"கீழ யாராவது இருந்தா வெலகிக்கட்டும்னுதாங்க."

"இது நடுக்கடல். கீழே யார் இருக்கிறார்கள்?"

"தெரியாதுங்க. தெரியாததாலதாங்க கத்தறோம்."

தாணுமாலயன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இருபது வருஷமாக அந்தத் தண்ணீருக்குள் அவர் சத்தம் அனுப்பிக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சோதனை முறைத் தாளை எடுத்து, வெடி இறக்கவும் என்ற வரிக்கு மேலே பேனாவால் ஏதோ சேர்த்து எழுதி, அதைச் சின்னதுரையிடம் காட்டினார். பதினைந்து நிமிஷம் முன்னதாக எச்சரிக்கைக் குரல் கொடுக்கவும், பொறுப்பு சின்னதுரை என்று இருந்தது. உன் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேனா, பார்த்துக்கொள் என்றார். இனி எல்லாச் சோதனைக்கும் இதே தாள்தான் என்றும் சொன்னார். அப்புறம் கீழே போய் மறுபடியும் அமைதி நேரம் அறிவித்தார்.

இன்ஜின் நின்றது. மின்விசிறி நின்றது. சின்னதுரை கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தான். அவனுக்குள் சிரிப்பு பொங்கிப் பொங்கி வந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூச்சு விடக்கூட அனுமதியில்லை. இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க, கடலுக்குக் கேட்காமல் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.